படத்தில் இல்லாத புள்ளி

நான் நடித்தேன் என்று சொன்னவர் நீங்கள்தான், டொக்டர். முதலில் சொன்னது நீங்கள். மற்றவர்கள் எல்லோரும் உங்கள் வாயிலிருந்து எடுத்துத்தான் சொன்னார்கள். அந்தச் சொல் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தபோது எனக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தது. அது திரும்பிப் போனபோது கலியாணத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

எனக்கு அழகாக எழுத வராது. கண்டியில் ஒரு மருந்துக் கடையில் நின்று நின்றே என் வயது போயிருக்கிறது. சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுக்கத் தெரியும். சுற்றி வளைக்கத் தெரியாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எனக்குப் பேசியிருந்தவர் யாழ்ப்பாணத்தவர். எங்கள் பக்கத்து வீட்டு மேல்மாடி அறைக்கு வாடகைக்கு வந்தார். டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தார். நாங்கள் வேறு தமிழர். அப்பாவின் தகப்பன் இந்தியாவிலிருந்து வந்தவர், அப்பா மாநகரசபையில் வேலை பார்த்தார், அம்மா கலஹாப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இரண்டு வகைத் தமிழருக்கும் நடுவில் ஒரு மதில் இருந்தது. பக்கத்து வீட்டு மதிலை விட அது உயரம். அவர் இரண்டையும் எட்டிப் பார்த்துத்தான் பேசினார்.

"நீர் என்ன படிச்சனீர்?" இதுதான் என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி.

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் 'நீர்' என்று சொல்வதில்லை. நீ, நீங்க, அவ்வளவுதான். நான் சிரித்துவிட்டேன். அவருக்குக் காரணம் புரியவில்லை. புரியாமலேயே அவரும் சிரித்தார். இன்றைக்கு எனக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டால், அந்த ஒரு 'நீர்'ஐ இன்னொரு தரம் கேட்கவேண்டும் என்பேன். யாரும் கேட்கப் போவதில்லை.

எங்கள் வீட்டுச் சட்டத்தைச் சொல்லவேண்டும். அது தெரியாவிட்டால் மற்றது விளங்காது. எண்பத்து மூன்று கலவரத்தில் எங்கள் தெருவில் தமிழ்க் கடைகள் எரிந்தன. நாங்கள் பின் வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், ஒளிந்திருந்து பிழைத்தோம். அதற்குப் பிறகு அப்பா ஒரு சட்டம் போட்டார். கேற்றைத் தாண்டினால் தமிழ் கிடையாது. பஸ்ஸில், கடையில், ஆஸ்பத்திரி வரிசையில், எங்கும் சிங்களம்தான். அப்பாவை 'தாத்தே' என்று கூப்பிடவேண்டும். 'அம்மா' இரண்டு மொழிக்கும் பொது என்பதால் அம்மா தப்பினார். ஒட்டுப் பொட்டைக் கழற்றிக் கைமணிக்கூட்டின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போவேன். திரும்பி வந்து கேற்றுக்குள் கால் வைத்ததும் அது நெற்றிக்கு ஏறும்.

சட்டத்தின் மறுபாதியும் உண்டு. வீட்டுக்குள் யாராவது சிங்களத்தில் பேசினால் வெளியாள் வந்திருக்கிறார் என்று அர்த்தம். வாசலுக்கு ஆமிக்காரர் வரலாம், பொலிஸ் வரலாம், ஊர் அதிகாரி விதானை வரலாம். முதலில் கண்டவர் சிங்களத்தில் குரல் கொடுக்கவேண்டும். உள்ளே இருப்பவர் தமிழ் ரேடியோவை நிறுத்திவிட்டு முன்வாசலுக்கு வரவேண்டும். வருடக்கணக்காக அப்படித்தான் பழகியிருந்தோம். நாய்க்குப் பழக்குவது போல.

அவரோ இந்தச் சட்டத்துக்கெல்லாம் அடங்காத ஆள். சிங்களத்தில் சரி என்பதற்கு 'ஹரி' என்ற ஒரு சொல் மட்டும் தெரியும். எது கேட்டாலும் 'ஹரி'. வடக்கிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள் பொலிஸில் பதியவேண்டும் என்று ஒரு காலம் இருந்ததே, அப்போது அவருக்காகப் பேச நானும் அப்பாவும் போனோம். பொலிஸ்காரர் கேட்பதை நான் தமிழில் முணுமுணுப்பேன். அவர் சொல்வதை சிங்களத்தில் திருப்புவேன். நாலைந்து தரம் போனபிறகு அப்பா வரவில்லை. நாங்கள் இருவருமே போனோம்.

ஒருநாள் அம்மாவின் தங்கையைப் பார்க்கக் கலஹாவுக்குப் போனோம். தோட்டத்தைப் பார்க்கவேண்டும் என்று அவரும் கூட வந்தார். அம்மா முன் சீற்றில், நாங்கள் பின்னால். பேராதனைப் பாலம் தாண்டியதிலிருந்து அவர் தமிழில் சத்தமாகக் கதைத்துக்கொண்டே வந்தார்.

"ஏங்க, கொஞ்சம் மெதுவா பேசுங்க."

"ஏன்? நான் என்ன களவெடுக்கிறனே?"

"பஸ்ல எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். நான் வடிவான ஆள்தானே."

"உங்களுக்கு வாய் இருக்கு, மூளை இல்ல."

"உமக்கு மூளை இருக்கு. வாயை வீட்டு அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டிப்போட்டு வந்திருக்கிறீர்."

நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கோபம். ஆனால் கொஞ்ச நேரத்தில், சனம் இறங்கி பஸ் வெறிச்சோடிய பிறகு, தேயிலை தொடங்குகிற வளைவில், நான் பஸ்ஸுக்குள் முதன்முதலாகத் தமிழில் வாய்விட்டுப் பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. மழையைப் பற்றியதாக இருக்கும். அம்மா திரும்பி முறைத்தார். பக்கத்தில் இருந்த அவர் தன் கைக்குட்டையால் யன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவருடைய முகம் முழுக்கச் சந்தோஷம். அதை மறைக்கத் தெரியவில்லை அந்த மனிதருக்கு.

பிறகு ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். விட்டுவிட்டார்கள், உண்மை. ஆனால் திரும்பி வந்தவர் படிக்கட்டு ஏறும்போது கைபிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். உள்ளே என்ன நடந்தது என்று கேட்டேன். "அவங்கள் கேட்டது எனக்கு விளங்கேல்லை. நான் பேசாமல் இருந்தன். அதுக்குத்தான் அடிச்சவங்கள்" என்றார். இவ்வளவுதான் சொன்னார். பிறகு, "என்னோட மட்டும் அந்தப் பாஷையைக் கதையாதையும். பகிடிக்கும் வேண்டாம்" என்றார். எனக்குச் சிங்களத்தின் மேல் கோபம் இல்லை. எங்களை ஒளித்து வைத்த குசினியில் பேசியதும் சிங்களம்தான். ஆனால் அவர் கேட்டதற்குச் சரி என்றேன்.

அவருடைய அக்கா கொழும்பில் இருந்தார். அவர்தான் காசைப் புரட்டித் தம்பியைக் கனடாவுக்கு அனுப்பிவைத்தார். போவதற்கு முன் அவர் அக்காவைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அக்கா எங்கள் கதிரையின் விளிம்பில் உட்கார்ந்தார். தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தார். தோட்டத்துச் சொந்தம் உள்ள வீடு என்பது அவருக்குத் தொண்டையில் நின்றது. தம்பி பிடித்த பிடியில் ஓம் என்றார். அங்கே நிரந்தரமாக இருக்கப் பேப்பர் கிடைத்ததும் என்னைக் கூப்பிடுவது என்று முடிவாயிற்று.

எங்கள் வீட்டில் போன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில், சந்தியில், நானா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு முஸ்லிம் அண்ணன் வைத்திருந்த கொமியூனிக்கேஷன் கடைக்கு அவர் அழைப்பார். நான் முன்கூட்டியே போய் அங்கிருந்த மரப் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பேன். போன் கூண்டைத்தான் பெட்டி என்கிறேன். நானா கேலி செய்வார். "என்ன புள்ள, கனடா இன்னும் முழிக்கல்லியா?" மணி அடிக்கும். "நான்தான்" என்பார். ஒரு கிழமை முழுவதும் அந்த ஒரு சொல்லைத் தின்றுதான் இருந்தேன். அங்கே பனி, வேலை, அறையில் இருக்கிற பொடியன்கள் கறியைக் கருக்குகிறார்கள் என்று ஏதேதோ சொல்வார். குரல் ஒரு கணம் பிந்தி வரும். அந்தப் பிந்துகிற கணத்தில் அவருடைய மூச்சு கேட்கும். பேச்சை விட எனக்கு அதுதான் பிடிக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் அது வந்தது. எனக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கும். காய்ச்சல்கூட அடிக்கடி வராத உடம்பு.

காலையில் குசினியில் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தேன். வலது கை பிழியவில்லை. தேங்காய்ப்பூவை இறுக்கு என்று கைக்குச் சொல்கிறேன், அது கேட்கவில்லை. வேறு யாரோ கழற்றிவைத்த கை போலச் சட்டிக்குள் கிடந்தது. வலியே இல்லை. அதுதான் பயம். கன்னத்தின் ஒரு பக்கம் கீழே வழிந்தது போல இருந்தது. அம்மாவைக் கூப்பிட வாயைத் திறந்தேன். 'இங்க வாங்க' என்ற சொல் இல்லை. அது இருந்த இடம் தெரிகிறது, சொல் இல்லை. வந்தது சிங்களம். "மெஹே என்ன! மேக்க பலன்ன!" இங்கே வாருங்கள், இதைப் பாருங்கள்.

அம்மா என்ன செய்தார் தெரியுமா? ரேடியோவை நிறுத்தினார். முன்வாசலுக்கு ஓடினார். வீட்டுச் சட்டப்படி.

வாசலில் யாரும் இல்லை. அம்மா கேற்றைத் திறந்து தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். நான் குசினித் தரையில் சுவரில் சாய்ந்து, வெளியாள் எவரும் இல்லாத வீட்டில் சிங்களத்தில் கத்திக்கொண்டிருந்தேன். அம்மா திரும்பி வந்தபோது அது விட்டுப் போகத் தொடங்கியிருந்தது. கை மெல்ல என் கையானது.

"யாருடி வந்தது? எங்க போயிட்டாங்க?"

"யாரும் வரலம்மா. கை வரல."

"என்னடி ஒளர்ற?"

அம்மாவைக் குறை சொல்லமாட்டேன். என் முகம் கோணியதை அவர் பார்க்கவில்லை. வந்து பார்த்தபோது முகம் நேராகத்தான் இருந்தது. இந்த நோயின் கெட்டித்தனமே அதுதான். சாட்சி வருவதற்குள் போய்விடும்.

இரண்டாவது தடவை பல்லேகலப் பக்கம் போன பஸ்ஸில். மூன்றாவது தடவை வீட்டில், அப்பா பார்க்கும்போதே. அப்பா பயந்துபோனார். பாரிசவாதம் கிழவர்களுக்கு வருவது, இந்த வயதில் வருமா என்று கேட்டுக்கொண்டே அழுதார்.

அப்பா ஒரு காரியம் செய்தார். மறைத்துக் கட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. "நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது. அவங்களுக்குத் தெரிஞ்ச டொக்டர்கிட்டயே காட்டுவோம்" என்று கொழும்புக்கு அக்காவுக்குப் போன் பண்ணினார். எங்கள் ஆட்கள்தான் இப்படிச் செய்வார்கள். பெண்ணின் நோயைக் கொண்டுபோய் மாப்பிள்ளை வீட்டின் கையில் கொடுத்து, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்பார்கள். நேர்மை என்று நினைத்தார் என் அப்பா. அக்கா உங்கள் பெயரைச் சொன்னார். கண்டியில் பெரிய டொக்டர், எங்கட ஆள், எங்கட குடும்பத்தை நல்லாத் தெரியும் என்றார்.

காசு கட்டி நம்பர் எடுத்து, உங்களைச் சனல் பண்ணி வந்தோம். நினைவிருக்கிறதா? இருக்காது. நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை. கேள்வியெல்லாம் அப்பாவிடம் கேட்டீர்கள். "பிள்ளை வடிவாச் சாப்பிடுறவவோ? நித்திரை கொள்ளுறவவோ? இந்தக் கலியாணத்துக்கு விருப்பமோ?" நான் உங்களுக்கு எதிரில் கதிரையில் இருந்தேன். என் முழங்காலில் தட்டிப் பார்த்தீர்கள். கையைப் பிடித்து இறுக்கச் சொன்னீர்கள். நான் இறுக்கினேன். "ஆ, பிலம் இருக்குது" என்று சிரித்தீர்கள். நான் சிங்களத்தில் பேச்சு வருவதையும் தமிழ் வராமல் போவதையும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனை நின்றது. அப்போதுதான் முதன்முதலாக நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள்.

"தங்கச்சி, வருத்தம் பாஷை பாத்து வராது."

நோய் பாஷை பார்க்காதாம். இதற்கு அப்பா சிரித்தார். டொக்டர் பகிடி விட்டால் சிரிக்கவேண்டும் என்று நினைக்கிற தலைமுறை.

இரத்தம் எடுத்தார்கள். நெஞ்சுக்கு வயர் ஒட்டிப் பார்த்தார்கள். கொழும்புக்குப் போய்த் தலையை ஸ்கேன் செய்தோம். வழியெல்லாம் செக் பொயின்ட், அடையாள அட்டை, ஏன் போகிறீர்கள் என்ற கேள்வி. தலையில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போகிறோம் என்று ஒரு ஆமிக்காரரிடம் சிங்களத்தில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "எனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டு வா" என்றார். அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல பேச்சு அதுதான்.

எல்லாம் நோர்மல். நீங்கள் படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்து, "பளிங்கு மாதிரி மூளை" என்றீர்கள். நாட்டு நிலைமை, பயம், நரம்புத் தளர்ச்சி, கலியாணத்தைச் செய்து வையுங்கோ, எல்லாம் சரியாகும் என்றீர்கள்.

அம்மா அன்றைக்கே பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்தார். அப்பா லட்டு வாங்கித் தெருவெல்லாம் கொடுத்தார். பின் வீட்டுச் சிங்களக் குடும்பத்துக்கும் கொடுத்தார். கொமியூனிக்கேஷன் நானாவுக்கும் கொடுத்தார். நானும் ஒரு லட்டுத் தின்றேன். ஒரு நோயும் இல்லை என்று படம் சொல்கிறது, மகிழ்ச்சியாக இருக்காதா? அந்த வெறும் படம்தான் என் கழுத்தை அறுக்கப் போகிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த சில ஞாயிறுகளில் ஒன்று. பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். மணி அடித்தது. இடது கையால் எடுத்தேன், ஏனென்றால் வலது கை மடியில் கிடந்தது. எழுப்பினேன், வரவில்லை.

"நான்தான்."

நான் பேசவில்லை. பேச ஒன்றும் இல்லை. எல்லாச் சொல்லும் போய்விட்டது.

"கேக்குதே? நீர்தானே?"

வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அவர் பயப்படுவாரே என்று நினைத்தேன். ஏதாவது ஒரு சத்தம் கொடுக்கவேண்டும் என்று நினைத்தேன். இருந்ததைக் கொடுத்தேன்.

"பொட்டக் இன்ன. மட்ட... மட்ட கியன்ன பே." கொஞ்சம் பொறுங்கள், எனக்குச் சொல்ல முடியவில்லை.

அந்தப் பிந்துகிற கணம். மூச்சு.

"என்னோட ஏன் சிங்களத்தில கதைக்கிறீர்?"

"மட்ட பே. அனே, பொட்டக் இன்ன."

"ஆர் பக்கத்தில நிக்கிறது? ஆமியோ? ... இல்லை, பகிடி விடுறீரோ? நான் என்ன கேட்டனான் உம்மட்ட? நான் கேட்டது ஒண்டே ஒண்டு."

நானா கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டார். "என்ன புள்ள, வாயி ஒரு பக்கமாப் போகுது! இரிங்க, இரிங்க, எழும்ப வாணாம்." என் கையிலிருந்து ரிசீவரை எடுத்தார். "ஹலோ, தம்பி, இந்தப் புள்ளக்கி ஏதோ சொகமில்ல..." லைன் வெட்டுப்பட்டிருந்தது.

நானா தண்ணீர் தந்தார். அது வாயின் ஓரத்தால் வழிந்து சட்டையை நனைத்தது. கொஞ்ச நேரத்தில் கை வந்தது. தமிழும் வந்தது. வந்து என்ன? கேட்க அங்கே யாரும் இல்லை. நானா வைத்த ரிசீவரைப் பார்த்துக்கொண்டு, "நான் இங்கதான் இருக்கேன், நான் இங்கதான் இருக்கேன்" என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். நானா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் அக்காவுக்குச் சொல்லியிருக்கிறார். அக்கா உங்களுக்குப் போன் பண்ணியிருக்கிறார். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதை, எங்கள் வீட்டுக்கு வந்து, இந்த முறை கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, அக்கா அப்படியே ஒப்புவித்தார்.

"டொக்டர் சொல்லிப்போட்டார். பிள்ளைக்கு ஒரு வருத்தமும் இல்லையாம். விருப்பமில்லாத பொம்பிளைப் பிள்ளையள் இப்பிடித்தான் செய்யிறவையாம். எல்லாம் நடிப்பாம். சிங்களம் வருமெண்டால் தமிழும் வரவேணுமாம்."

அப்பா சொன்னார், "நான் கண்ணால பாத்தேம்மா. போன் கடை நானாவும் பாத்திருக்காரு."

"நீங்கள் தகப்பன். அவன் கடைக்காரன். டொக்டர் பொய் சொல்லுவாரே?"

அம்மா அக்காவின் காலைப் பிடிக்கப் போனார். நான் அம்மாவைப் பிடித்து இழுத்தேன். வலது கையால்தான் இழுத்தேன். அதை அக்கா பார்த்தார். நோயில்லை என்பதற்கு அதுவும் ஒரு சாட்சியாகிப் போனது.

அவர் இன்னும் ஒரு தடவை அழைத்தார். இதை நான் மறைக்கக்கூடாது, அவர் கெட்டவர் இல்லை. அன்று என் வாய் நன்றாக இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். தேங்காய்ப்பால், பஸ், முகம், மடியில் கிடந்த கை. என் வாழ்க்கையில் அவ்வளவு தமிழை ஒரே மூச்சில் பேசியதில்லை.

"அப்ப ஏன் படத்தில ஒண்டும் இல்லை?" என்றார். அவர் விஞ்ஞானம் படிப்பித்தவர்.

"தெரியாதுங்க."

"ஒரு சின்னப் புள்ளியாவது இருக்க வேணுமே."

"இல்லையே. நான் என்ன பண்ணட்டும்?"

"உமக்கு விருப்பமில்லாட்டி நேர சொல்லியிருக்கலாம். நான் கோவிச்சிருக்க மாட்டன்."

"எனக்கு விருப்பம்" என்று சொன்னேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள், எல்லோரும் திரும்பிப் பார்க்கச் சத்தமாகச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "சரி, நீர் கவனமா இரும்" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று எனக்கு வரவில்லை.

நான் எத்தனையோ நாள் அந்தப் படத்தை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு கறுப்புப் புள்ளி. கடுகளவு. மூளைக்குள் ஒரு சின்ன நரம்பாவது செத்திருந்தால் அவர் திரும்பி வந்திருப்பார். இங்கே வர முடியாவிட்டாலும் நம்பியிருப்பார். நோய் இருக்கவேண்டும் என்று சாமி கும்பிட்ட பெண்ணை நீங்கள் கண்டிருக்கிறீர்களா, டொக்டர்? அம்மா தேங்காய் உடைத்த அதே பிள்ளையாரிடம் நின்று நான் கும்பிட்டேன். அடுத்த தடவை வரும்போது போகாமல் நில், ஒரு அடையாளத்தையாவது விட்டுவிட்டுப் போ என்று. அது கேட்கவில்லை. சில தடவைகள் வந்தது, போனது. பிறகு வருவதையே நிறுத்திவிட்டது. ஏன் வந்தது, ஏன் போனது, ஒருவருக்கும் தெரியாது.

பல வருடம் கழித்து, கலகெதரவில் அம்மாவைக் காட்டப் போன இடத்தில் ஒரு இளம் டொக்டர், சிங்களப் பெண், என் கதையைக் கேட்டார். முழுவதையும் கேட்டார். சின்னப் பாரிசவாதமாக இருந்திருக்கலாம், வந்து தானே கரைந்துவிடும், பிறகு எடுக்கிற படத்தில் தெரியாமல் போகலாம் என்றார். இரண்டு மொழி பேசுபவர்களுக்கு ஒன்று போய் ஒன்று மிஞ்சுவதும் நடந்திருக்கிறது என்றார். வேறு ஏதாவதாகவும் இருக்கலாம், இத்தனை வருடத்துக்குப் பிறகு நிச்சயமாக எனக்குத் தெரியாது என்றார். 'மம தன்னே நே' என்றார். எனக்குத் தெரியாது. நான் அந்த இடத்திலேயே அழுதேன். அம்மாவுக்குத்தான் ஏதோ பெரிய நோய் என்று வரிசையில் இருந்தவர்கள் நினைத்தார்கள்.

'தெரியாது' என்ற சொல் அவ்வளவு பாரமா, டொக்டர்? நீங்கள் நோயைக் கண்டுபிடிக்கவில்லை என்று எனக்குக் கோபம் இல்லை. கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். கடையில் தினமும் பார்க்கிறேன், எத்தனையோ சீட்டுகளில் மருந்து இருக்கிறது, நோய்க்குப் பெயர் இல்லை. தெரியாது என்று சொல்லியிருந்தால், அவர் காத்திருந்திருப்பார். எனக்குத் தெரியும். ஆமி அடித்தபோதும் விளங்காததை விளங்கியது போலக் காட்டாத மனிதர் அவர். தெரியாது என்பதை அவர் மதித்திருப்பார். நீங்கள் தெரிந்தது போலச் சொன்னீர்கள்.

அவருக்கு இப்போது பிள்ளைகள் இருக்கலாம். தலைமயிர் இருக்கிறதோ என்னவோ. நான் அவரைத் தேடவில்லை. எங்கே இருக்கிறார் என்று கேட்கவும் இல்லை. ஆனால் கலஹா பஸ் பேராதனைச் சந்தியில் நிற்கும்போது, பின் சீற்றில் யாராவது தமிழில் சத்தமாகப் பேசினால் என் கழுத்து தானாகத் திரும்புகிறது. இந்த வயதில், கையில் மரக்கறிப் பையோடு, திரும்புகிறது. அதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். நோர்மல் என்றுதான் வரும்.

போன கிழமை எங்கள் கடைக் கண்ணாடியில் ஒரு நோட்டீஸ் ஒட்டக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். உங்களுடைய நீண்டகாலச் சேவைக்குப் பாராட்டு விழாவாம். மண்டபம் எடுத்திருக்கிறார்களாம். பொன்னாடை, மாலை, மலர் வெளியீடு எல்லாம் இருக்கிறதாம். கடைசியில் நீங்கள் ஏற்புரை சொல்வீர்களாம். ஒட்டுங்கள் என்றேன். நானே பசை தடவிக் கொடுத்தேன்.

நான் வருவேன். முன் வரிசையில் இடம் பிடிப்பேன். என் வீட்டுக்கு வரவேண்டாம், தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம், எனக்கு அது எதற்கு? நீங்கள் 'நடிப்பு' என்ற சொல்லை என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை, நாலு பேர் காதில் போட்டீர்கள். அதனால் நாலு பேர் முன்னால்தான் பதில் வேண்டும். பொன்னாடையைப் போர்த்திக்கொண்டே சொல்லுங்கள், எனக்குக் கவலையில்லை. அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு என்ன நோய் என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா, தெரியாதா? தெரியாது என்றால், நடிப்பு என்று அவர்களிடம் ஏன் சொன்னீர்கள்? மைக்கைப் பிடித்து, சபையைப் பார்த்து, தமிழில் சொல்லுங்கள்.